நண்பருக்குப் பரிசாக ஒரு முகப்படம்: புகைப்படம் முதல் வார்னிஷ் வரை

முகச்சாடை பிசகிய படத்தை அதன் புகைப்படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிழை பெரும்பாலும் வண்ணம் தொடுவதற்கு முன்பே நேர்ந்திருக்கும். மிக அருகில் பிடித்த செல்ஃபி, ஓரம் வெட்டுப்பட்ட பிரின்ட், கால் அங்குலம் தள்ளிப்போன கண், இவைதான் காரணமாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி தூரம் வரை தோல் நிறப் பேச்சே வராது. பொறுமையாக வரிசைப்படி வாருங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 12-க்கு 16 அங்குலக் கேன்வாஸ், தண்ணீரில் இளக்கிப் பூசும் அக்ரிலிக் வண்ணம், ஒரே ஒருவருடைய தலையும் தோளும். எண்ணெய் வண்ணம் முழுதாக உலர்ந்து வார்னிஷுக்குத் தயாராக மாதக்கணக்கில் ஆகும். பிறந்தநாள், திருமணம் என்று நாள் குறித்த பரிசுக்கு அக்ரிலிக்தான் தோது.

1. கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மூன்று வாரத்துக்குச் சற்று மேல் வேண்டும். புகைப்படமும் பிரின்ட்டும் கைக்கு வர மூன்று நாள். கேன்வாஸைத் தயார் செய்து கோடு போட மூன்று மாலைகள். வண்ணத்துக்கு ஆறேழு மாலைகள். பிறகு இரண்டு நாள் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும். தொடர்ந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிழை தெரியாது. கடைசியில் உலர ஒரு வாரம், அதன்பின் வார்னிஷ்.

அவசரத்தில் எல்லோரும் வெட்டுவது அந்த இரண்டு நாள் ஓய்வைத்தான். அதை மட்டும் வெட்டாதீர்கள்.

2. புகைப்படம்

முகத்துக்கு அருகே பிடித்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போய்ச் சிறுக்கும். அதை எவ்வளவு சரியாகப் பார்த்து வரைந்தாலும் நண்பர் மாதிரி இருக்காது. ஐந்தாறு அடி தள்ளி நின்று, 2 மடங்கு ஜூமில், கேமராவை அவருடைய கண் மட்டத்துக்கு வைத்து எடுங்கள்.

வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் வரட்டும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஒரு கன்னத்தில் ஒளியும் மறு கன்னத்தில் நிழலும் விழுந்தால்தான் மூக்கின் மேடும் கண்ணின் குழியும் தெரியும். ஃபிளாஷ் அந்த நிழலை அழித்து முகத்தைத் தட்டையாக்கிவிடும். அழகூட்டும் ஃபில்டர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபோன்களில் அது தானாகவே ஆனில் இருக்கும். மச்சத்தையும் தழும்பையும் அது துடைத்துவிடுகிறது, சாடையோ அவற்றில்தான் இருக்கிறது.

சொல்லாமல் கொள்ளாமல் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் வீட்டாரிடம் பழைய படம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ‘டாகுமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இமையின் ஓரம் கட்டம் கட்டமாக உடைந்தால் அந்தப் படம் உதவாது. குரூப் ஃபோட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகம் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும்.

முதல் படத்துக்கு உதடு மூடிய புன்னகையே போதும். பல் தெரியச் சிரிக்கும் வாய் அனுபவசாலிகளையே சோதிக்கும்.

3. பிரின்ட் போடும்போது கவனிக்க வேண்டியது

12-க்கு 16 என்பது 3-க்கு 4 என்ற விகிதம். பெரும்பாலான ஃபோன் கேமராக்கள் இயல்பாக எடுப்பதும் இதே விகிதம்தான். 6-க்கு 8 அங்குலத்தில் பிரின்ட் போட்டால் கேன்வாஸ் அதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. கணக்குப் போடவே தேவையில்லை, பிரின்ட்டில் ஒரு அங்குலம் என்றால் கேன்வாஸில் இரண்டு அங்குலம். A4 தாளில் போட்டால் விகிதம் மாறிவிடும். அதைக் கேன்வாஸில் நிரப்பப்போய் முகம் நீண்டோ அகன்றோ போகும்.

பிரின்ட்டில் முகவாய் முதல் உச்சி வரை மூன்றரை அங்குலம் இருக்கும்படி படத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கேன்வாஸில் அது ஏழு அங்குலமாகும், நேரில் இருக்கும் தலையைவிடச் சற்றுச் சிறியது. நிஜ அளவைத் தாண்டிய முகம் வீட்டுச் சுவரில் மிரட்டும். கண்கள் கேன்வாஸின் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே வரட்டும். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் அதிக இடம் விடுங்கள்.

ஸ்டுடியோவில் கொடுக்கும்போது “டச்சப் வேண்டாம், முகத்தை வெளுக்க வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கேட்காமலே வெளுத்துத் தருகிற கடைகள் உண்டு. இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று வண்ணத்தில், இன்னொன்று கறுப்பு வெள்ளையில். இரண்டாவதன் வேலை ஆறாம் படியில் வரும்.

4. வாங்க வேண்டியவை

வண்ணம் ஆறு போதும்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), கிரிம்சன் (அடர்சிவப்பு), அல்ட்ராமெரைன் ப்ளூ (அடர்நீலம்). ஒயிட் மட்டும் பெரிய டியூப். கறுப்பு வாங்க வேண்டாம். அம்பரும் அல்ட்ராமெரைனும் ஏறக்குறைய சரிபாதி கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும், தலைமுடிக்கும் அதுவே. ‘ஸ்கின்’ என்றோ ‘ஃபிளெஷ்’ என்றோ பெயர் போட்டு விற்கும் இளஞ்சிவப்பு டியூபைத் தொடாதீர்கள். அது நம் தோல் எதற்கும் பொருந்தாது. போஸ்டர் கலர் வேறு பண்டம். அது உலர்ந்தபின்னும் தண்ணீர் பட்டால் கரையும், மேல் பூச்சு கீழ்ப் பூச்சைக் கலக்கிவிடும்.

பிரஷ் ஐந்து: தட்டையில் 12, 8, நுனி அரைவட்டமான ஃபில்பர்ட் 6, உருண்டையில் 4, 1. எல்லாம் நைலானாக இருக்கட்டும். வாட்டர் கலருக்கான மென்மயிர் பிரஷ் அக்ரிலிக்கின் கெட்டியைத் தாங்காமல் துவண்டுவிடும்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ், ஒரு சிறிய ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் கேன்வாஸில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) டப்பா, ஒரு சிறிய மேட் மீடியம் (வண்ணத்தை இளக்கச் சேர்க்கும், பளபளப்பில்லாத பசை), 220 எண் உப்புத்தாள், HB பென்சில், இரண்டடி ஸ்கேல், தெளிப்பான் பாட்டில், இரண்டு தண்ணீர்க் குவளை, பழைய பருத்தித் துணி, மூடியுள்ள சின்ன டப்பாக்கள் ஐந்தாறு.

வண்ணம் வைத்துக் கலக்கும் தட்டை வாங்காதீர்கள், செய்துகொள்ளுங்கள். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு மடிப்பு டிஷ்யூவை நனைத்துப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பரை விரியுங்கள். வண்ணத்தை அதன் மேல் வைத்தால் கீழிருந்து ஈரம் ஊறி வந்துகொண்டே இருக்கும். நம் வெயிலுக்குச் சாதாரணத் தட்டில் வைத்த அக்ரிலிக் பத்து நிமிடத்தில் தோல் கட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே இன்னும் சீக்கிரம். வரையும் நேரத்தில் விசிறியைக் குறைத்துவையுங்கள்.

5. அடிநிறம், கட்டம், கோடு

கடையில் வாங்கும் கேன்வாஸ் ஏற்கெனவே வெள்ளை பூசி வந்தாலும் இழை சொரசொரப்பாக இருக்கும். முகத்துக்கு அது ஆகாது, இமை போன்ற மெல்லிய கோடு இழையில் தடுக்கி உடையும். ஜெஸ்ஸோவை ஒரு முறை குறுக்காகவும், உலர்ந்தபின் ஒரு முறை நெடுக்காகவும் பூசி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள்.

பிறகு அடிநிறம். பர்ன்ட் சியன்னாவில் சிறிது ஓக்கர் சேர்த்துத் தண்ணீர் விட்டு இளக்கிக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, துணியால் ஒற்றி எடுங்கள். இளஞ்செங்கல் நிறம் வந்தால் சரி. வெள்ளைப் பரப்பில் எந்த நிறத்தை வைத்தாலும் அது இருட்டாகத் தெரியும். ‘அதிகக் கறுப்பாகப் போகிறதே’ என்று பயந்து ஒவ்வொரு நிறத்திலும் வெள்ளையைக் கொட்டுவார்கள். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆவதற்கு முதல் காரணம் இந்தப் பயம்தான். அடிநிறம் அதை முளையிலேயே தடுக்கிறது.

ஒரு நாள் உலரட்டும். பிறகு பிரின்ட்டில் ஓர் அங்குலக் கட்டமும் கேன்வாஸில் ஈரங்குலக் கட்டமும் போடுங்கள். இரண்டிலும் 48 கட்டம் வரும். மேலே A, B, C என்றும் பக்கத்தில் 1, 2, 3 என்றும் ஓரத்தில் குறியுங்கள். கட்டம் மாறி வரைவது சாதாரணமாக நடக்கும் தவறு, பாதி முகம் முடிந்தபின்தான் தெரியவரும். கண், மூக்கு, வாய் விழும் கட்டங்களை மட்டும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டத்துக்குள் கண்ணை ‘கண்’ என்று வரையாதீர்கள். கோடு எந்த இடத்தில் கட்டத்துக்குள் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பாருங்கள். ‘கண்’ என்று நினைத்த மாத்திரத்தில் கை மனப்பாடமாக ஒரு மீன் வடிவத்தைப் போட்டுவிடும். நண்பரின் கண் அந்த மீன் அல்ல.

கட்டத்தை மட்டும் நம்பாமல் சில பொது அளவுகளையும் சரிபாருங்கள். நேர் பார்க்கும் முகத்தில் கண்கள் உச்சிக்கும் முகவாய்க்கும் நடுவில் இருக்கும், புதியவர்கள் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். இரு கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கண்ணின் அகலம். காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில். இவை சராசரிகள்தாம். நண்பரின் முகம் இவற்றிலிருந்து விலகும் இடம் எதுவோ அதுவே அவருடைய அடையாளம், அதைச் ‘சரிசெய்து’ விடாதீர்கள்.

கோடு முடிந்ததும் கேன்வாஸையும் பிரின்ட்டையும் தலைகீழாக வைத்து ஒப்பிடுங்கள், கண்ணாடியிலும் காட்டிப் பாருங்கள். கோணல் உடனே கண்ணில் படும். சரியென்று பட்டபின், தண்ணீர் சேர்த்த அம்பரால் 1-ம் எண் பிரஷில் முக்கியக் கோடுகளை மெல்லிதாக மேலெழுதி, உலர்ந்ததும் கட்டத்தை ரப்பரால் அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டால் கன்னத்தின் மெல்லிய பூச்சுக்குக் கீழே பென்சில் சாம்பலாகத் தெரியும்.

6. ஒரே நிறத்தில் நிழல்

கறுப்பு வெள்ளைப் பிரதியை எதிரே ஒட்டுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சிறு விவரம் மறைந்து நான்கைந்து பெரிய நிழல் திட்டுகள் மட்டும் மிஞ்சும்: கண் குழி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டின் அடி, முகவாயின் கீழ் கழுத்து, ஒரு பக்கக் கன்னம். இவற்றை அம்பரால் மட்டும் போடுங்கள். இருட்டு, நடு, வெளிச்சம் என்று மூன்று அளவு போதும். வெளிச்சத்துக்கு அடிநிறத்தை அப்படியே விட்டுவிடலாம்.

பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நண்பரைத் தெரிந்த ஒருவர் இந்த நிலையிலேயே “இது இன்னார்” என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் வண்ணத்துக்குப் போகாதீர்கள். வண்ணம் பூசினால் சாடை வந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை, வராது. இங்கே ஒரு மாலை கூடுதலாகச் செலவழித்தால் பின்னால் நான்கு மாலை மிஞ்சும்.

7. தோல் நிறம்

நண்பரின் நிறம் எதுவோ அதையே வரையுங்கள். ஒரு சாயல் வெளுப்பாக்கினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துச் செய்வது, அவருடைய நிறத்தில் ஏதோ குறை இருப்பதாக அவர் வீட்டுச் சுவரிலேயே எழுதி மாட்டுவதற்குச் சமம். தொழில் முறையிலும் அது தவறுதான். வெளுப்பாக்கிய முகத்துக்கும் மாற்றாமல் விட்ட கழுத்துக்கும் கைக்கும் ஒட்டுறவே இராது.

மாநிறத்துக்குத் தொடக்கக் கலவை: சியன்னா 2 பங்கு, ஓக்கர் 2 பங்கு, ஒயிட் 1 பங்கு, அல்ட்ராமெரைன் ஒரு துளி. கறுத்த தோலுக்கு: சியன்னா 2, அம்பர் 1, கிரிம்சன் கால், அல்ட்ராமெரைன் கால், ஒயிட் அநேகமாக இல்லை. வெளுத்த தோலுக்கு ஓக்கரும் ஒயிட்டும் சம அளவு, அதில் பாதி சியன்னா, கிரிம்சன் ஒரு துளி. இவை புறப்படும் இடம் மட்டுமே. பிரின்ட்டின் மேல் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கலவையை அதன்மேல் நெற்றி, கன்னம், கழுத்து என ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். பொட்டு படத்தில் கரைந்து தெரியாமல் போனால் நிறம் சரி. உலர்ந்தபின் பார்த்து முடிவுசெய்யுங்கள். அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால்போல் இருக்கும், உலர்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் நிறம் ஒரு படி இருட்டாகும்.

இந்த நடுநிறத்திலிருந்து இன்னும் இரண்டு செய்துகொள்ளுங்கள். வெளிச்ச நிறத்துக்கு முதலில் ஓக்கர், பிறகுதான் ஒயிட். பழுப்பில் ஒயிட் மட்டும் சேர்த்தால் சாம்பல் பூத்துவிடும். நிழல் நிறத்துக்கு அம்பரும் அல்ட்ராமெரைனும், கொஞ்சம் கிரிம்சனும். கறுப்பைக் கலந்த நிழல் அழுக்குபோல் தெரியும்.

மூன்றையும் தாராளமாக, ஒவ்வொன்றும் இரண்டு டேபிள்ஸ்பூன் அளவாவது கலந்து டப்பாவில் மூடிவையுங்கள். மேலே ஒரு சொட்டு தண்ணீர். மறுநாள் அதே நிறத்தை மறுபடி கலக்க முயன்றால் முகத்தில் ஒட்டுப் போட்டதுபோல் வரும்.

முகம் முழுக்க ஒரே நிறமும் கிடையாது. நெற்றி சற்று மஞ்சள் ஓடும். கன்னம், மூக்கு நுனி, காது சிவப்பு ஓடும். மழித்த தாடை நீலச் சாம்பல் ஓடும். ஜன்னல் வெளிச்சம் கறுத்த தோலில் படும் இடம் வெள்ளையாக அல்ல, லேசான நீலமாக மின்னும், ஒயிட்டோடு ஒரு துளி அல்ட்ராமெரைன் சேர்த்தால் அது வரும். கறுத்த முகங்களுக்கு அந்த மினுக்கு கொடுக்கும் உயிரை வேறு எதுவும் கொடுக்காது.

8. பூசும் வரிசை

முதலில் பின்னணி. முகத்தின் நிறம் பக்கத்து நிறத்தைப் பொறுத்தே கண்ணுக்குத் தெரிவதால், வெறும் பின்னணிக்கு எதிரே சரியாகத் தெரிந்த கன்னம் பின்னணி வந்ததும் மாறிப்போகும். மங்கிய பச்சையோ நீலச் சாம்பலோ பழுப்புத் தோலை எடுத்துக்காட்டும். பின்னணியைத் தலைமுடிக்குள் அரை அங்குலம் நுழையவிடுங்கள். பிறகு முடியை அதன்மேல் கொண்டுவந்தால் ஓரம் மிருதுவாகும். எல்லை வரை வந்து நின்றுவிட்டால் கத்தரித்து ஒட்டிய படம்போல் இருக்கும்.

அடுத்து முடியும் உடையும், மொத்தத் திட்டாக. பிறகு முகம்: நிழல், நடு, வெளிச்சம் என்ற வரிசையில், 12, 8 எண் பிரஷ்களால் மட்டும். கண்ணுக்குள் போகாமல் முகம் முழுக்க ஒரு சுற்று முடியுங்கள்.

நிழலும் வெளிச்சமும் சேரும் இடத்தைத் தேய்த்துக் கலக்கப் பார்ப்பதுதான் அக்ரிலிக்கில் அதிகம் பேர் சிக்கும் இடம். பாதி உலர்ந்த பூச்சு மேல் பிரஷ் இழுத்தால் கீழ்ப் பூச்சு உரிந்து எழும்பும். எழும்பினால் உடனே கையை எடுத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம் ஒன்றைக் கலந்து, எல்லையின் மேல் ஒரு பட்டையாக வையுங்கள். தேவைப்பட்டால் அதற்கும் இடையில் இன்னொன்று. மூன்று சுற்றில் கன்னம் உருளும். வண்ணத்தை இளக்க மேட் மீடியம் சேருங்கள். தண்ணீரையே நிறைய ஊற்றினால் பசை வலுவிழந்து பூச்சு பொடிந்துபோகும்.

பிரஷைத் தண்ணீரில் நிறுத்தி வைக்காதீர்கள், நுனி வளைந்துவிடும். உலரவிட்டாலோ அதோடு போயிற்று. ஒவ்வொரு நிறத்துக்கும் அலசி, முடிந்ததும் சோப்பில் கழுவிப் படுக்கவையுங்கள்.

9. கண், வாய், மற்றவை

விழியின் வெள்ளை வெள்ளை அல்ல. ஒயிட்டில் அம்பரும் துளி நீலமும் கலந்த சாம்பல், மேலிமை நிழல் விழும் மேல்பகுதியில் இன்னும் இருட்டு. சுத்த வெள்ளை வைத்தால் முகம் முறைக்கும். கருவிழியின் மேல் ஓரம் இமைக்குள் மறைந்திருக்கட்டும், முழு வட்டம் தெரிந்தால் திடுக்கிட்ட பார்வை. ஒளிப்புள்ளி ஒவ்வொரு கண்ணிலும் ஒன்று, இரண்டும் ஒரே பக்கம்.

உதட்டுக்கு எல்லைக்கோடு போடாதீர்கள். ஜன்னல் ஒளியும் சற்று மேலிருந்தே சாய்ந்து வருவதால் மேலுதடு இருட்டு, கீழுதடு வெளிச்சம். நடுவிலுள்ள கோடும் அதன் இரு முனைகளுமே புன்னகையைத் தீர்மானிக்கின்றன, அரை மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் மனநிலை மாறிவிடும். பல் தெரிந்தால் எல்லாப் பல்லையும் ஒரே திட்டாக, சாம்பல் கலந்த ஓக்கரில் வையுங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே கோடு வேண்டாம்.

மீசையையும் தாடியையும் முதலில் தோலோடு கலந்த ஒரு மங்கல் திட்டாகப் போட்டு, கடைசியில் பத்துப் பன்னிரண்டு மயிரை மட்டும் இழுங்கள். மல்லிகைச் சரத்தை முழுக்க ஊதாச் சாம்பலில் போட்டு, ஒளி படும் சில இதழ்களுக்கு மட்டும் வெள்ளை. மூக்குத்திக்கு ஓர் இருட்டுப் புள்ளி, அதன்மேல் சிறிய வெள்ளைப் புள்ளி, அவ்வளவே. பொட்டு எல்லாவற்றுக்கும் கடைசி. கண்ணாடி அணிபவர் என்றால் முகத்தை முடித்து உலரவிட்டுப் பிறகு சட்டத்தை வரையுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குள் கன்னத்தின் ஓரம் சற்று உள்ளே தள்ளித் தெரியும், அதை அப்படியே விடுங்கள். வில்லையின் பளபளப்புக்கு ஒரு சிறு கீற்று போதும்.

10. சாடை இன்னும் வரவில்லையா?

இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு படத்தை ஃபோனில் எடுத்து, மூலப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் சிறிதாக வைத்துப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் பிரின்ட்டின் அளவைக் குறித்து, அதன் இரண்டு மடங்கு கேன்வாஸில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். முதலில் புருவத்துக்கும் இமைக்கும் உள்ள தூரம், பிறகு மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள தூரம், பிறகு வாயின் அகலம். தவறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். அந்த இடத்தைத் தோலின் நடுநிறத்தால் மூடி, உலர்ந்ததும் மறுபடி வரையுங்கள். தவறை இழுத்து இழுத்துச் சரிக்கட்டாதீர்கள்.

11. கையெழுத்தும் வார்னிஷும்

கையெழுத்து கீழ் ஓரத்தில், பின்னணியைவிடச் சற்றே மாறுபட்ட நிறத்தில். பின்பக்கச் சட்டத்தில் நண்பரின் பெயரும் ஆண்டும்.

மெல்லிய பூச்சுகள் தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், ஒரு வாரம் விட்டு வார்னிஷ் பூசுங்கள். மேட் (பளபளப்பில்லாதது) அல்லது சாட்டின் (மெல்லிய பளபளப்புள்ளது) வாங்குங்கள். பளபளப்பு வகையில் வீட்டு விளக்கு முகத்தின் மேலேயே பிரதிபலிக்கும். கேன்வாஸைக் கிடத்தி, அகலப் பிரஷால் மெல்லிதாக ஒரு திசையில் ஒரு பூச்சு. முழுக்க உலர்ந்ததும் குறுக்காக இரண்டாவது. பூசிய இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள், கோடு விழும். மழை பெய்யும் நாளில் பூசினால் பால்போல் மங்கலாம், வெயில் வரும்வரை பொறுங்கள்.

12. கொண்டுபோய்க் கொடுப்பது

பின்சட்டத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் இரு பக்கமும் வளையம் திருகி, இடையே கம்பி கட்டுங்கள். கண்ணாடிச் சட்டம் தேவையில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் கண்ணாடி பூச்சைத் தொடாதபடி இடைவெளி வைக்கச் சொல்லுங்கள்.

முகத்தின் மேல் முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் அட்டை, கடைசியில்தான் குமிழ் உறை. குமிழ் உறை நேராகப் பூச்சின் மேல் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் பதியும், அக்ரிலிக் உலர்ந்தபின்னும் சூட்டில் இளகும். அதே காரணத்துக்காக வெயிலில் நிறுத்திய காருக்குள் படத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: ஈரம் ஏறும் சுவரிலும் நேர் வெயில் விழும் சுவரிலும் மாட்ட வேண்டாம், தூசிக்கு உலர்ந்த மென்துணி மட்டும், ஈரத்துணி வேண்டாம்.